உச்சந்தலைத் தையல்

அரிசி விலையும் ஆசிரியர் சம்பளமும் எழுதித் தீராத ஒரு நாட்டில் வழுக்கையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். தலைமயிர் கொட்டுவது வர்க்கப் பிரச்சினையா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நமக்கும் உண்டு. அவர்களுக்கு நாம் பிசிராந்தையாரை நினைவூட்ட விரும்புகிறோம். ஆண்டு பல கழிந்தும் நரை தோன்றாதிருப்பது எவ்வாறு என வினவப்பட்டபோது, அப்புலவர் தம் தைலத்தையோ பத்தியத்தையோ காரணமாகக் கூறினாரல்லர். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் ஆகியோரையே சுட்டினார். புறநானூற்றில் அச்செய்தி இருக்கிறது. அவருடைய உடற்றொழிலியல் பிழையாக இருக்கலாம். அவருடைய சமூகவியல் பிழையன்று. மயிர் ஒருவன் தலையில் முளைத்தாலும், அது நரைத்தால் என்ன, உதிர்ந்தால் என்ன என்பதை ஊரே தீர்மானிக்கிறது.

வழுக்கை ஏன் விழுகிறது என்பது இன்று பெருமளவு தெரிந்த விடயம். அண்ணகர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அரிஸ்தோத்தில் கண்டு எழுதினான். அதன் காரணத்தை அறிய இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1942 இல் அமெரிக்க உடலமைப்பியல் அறிஞரான ஜேம்ஸ் ஹமில்ற்றன், பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டோர் வழுக்கையடைவதில்லை என்பதையும், அவர்களுள் வழுக்கைக் குடும்பத்திற் பிறந்தோர்க்கு ஆண் ஓமோனை ஏற்றியவிடத்து வழுக்கை தொடங்குவதையும், ஏற்றுவதை நிறுத்தியவிடத்து அது மேற்செல்லாது நிற்பதையும் எடுத்துக்காட்டினார். பரம்பரை, ஓமோன், வயது ஆகிய மூன்றும் கூடினாலன்றி வழுக்கை இல்லை. எண்ணெய் வைக்காமையாலோ, தொப்பி அணிவதாலோ, அதிகம் சிந்திப்பதாலோ அது வருவதில்லை. (கடைசிக் காரணத்தை நம் சக ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதை அறிவோம். நமக்கும் முப்பத்தேழு வயதாகிறது. நெற்றி மேலே ஏறத் தொடங்கிவிட்டது. அந்த ஆறுதலை நாமும் சில காலம் வைத்திருந்தோம்.)

உச்சியிலும் முன்தலையிலும் உள்ள மயிர் இந்த ஓமோனுக்கு அஞ்சிச் சுருங்கிப் போக, பிடரியிலும் காதுகளுக்கு மேலும் உள்ள மயிர் அசையாது நிற்கிறது. நியூயோர்க் நகரத்துத் தோல் வைத்தியரான நோமன் ஒரென்ற்றைச் 1952 இல் செய்த காரியம் இவ்வியல்பின்மேல் எழுந்ததே. பிடரித் தோலைச் சிறு வட்டங்களாகக் குடைந்தெடுத்து வழுக்கையில் நட்டார். பிடரி மயிர் எங்கே நடப்பட்டாலும் தன் பிடரிக் குணத்தை விடுவதில்லை என்று கண்டார். 1959 இல் அவர் அதனை வெளியிட்டபின், மயிர் நடுகை ஒரு பெருந்தொழிலாயிற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேடையில் வளர்ந்த புகையிலைக் கன்றைப் பிடுங்கித் தறையில் நடுவது போன்றதே இது.

ஆனால் இதே காரியத்தை 1939 இல் யப்பானிய வைத்தியரான ஷோஜி ஒக்குடா செய்து எழுதியிருந்தார். தழும்பினால் மயிரிழந்த தலைகளையும் புருவங்களையும் திருத்துவதே அவர் நோக்கம். உலக யுத்தம் மூண்டது. யப்பானிய மொழியில் இருந்த அக்கட்டுரையை மேற்குலகம் காணவில்லை. தழும்புபட்டோர்க்காகப் பிறந்த கலை, பதின்மூன்று ஆண்டுகளின்பின் காசுள்ள வழுக்கையர்க்காக மீண்டும் பிறந்தது. இதனை இங்கே குறித்து வைக்கிறோம்; பின்னர் வேண்டியிருக்கும்.

நடுகையின் குறை யாதெனில், அது உற்பத்தியன்று, பங்கீடு மாத்திரமே. மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர் உண்டு. நடுகையால் அதில் ஒன்றுகூடக் கூடுவதில்லை. பிடரியில் எடுத்தது நெற்றிக்குப் போகிறது, பிடரி ஏழையாகிறது. பிடரியின் சேமிப்பு ஓர் எல்லைக்கு மேல் இடங்கொடாது. ஆரம்ப காலத்து நடுகையோ ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமான வட்டங்களாக நடப்பட்டமையால், பொம்மையின் தலையில் கட்டுக்கட்டாய்த் தைத்த மயிர்போல் அசிங்கமாய் நின்றது.

இந்த இடத்தில்தான் சத்திர வைத்தியர் சிலர் வேறு வழியிற் சிந்திக்கலாயினர். அவர்களுடைய தர்க்கம் எளியது: மயிரைக் கூட்ட முடியாவிட்டால் வழுக்கையைக் குறைப்போம்! விளைச்சல் போதாதென்றால் தரிசு நிலத்தை வரைபடத்திலிருந்தே வெட்டி எறிந்துவிடலாம் அல்லவா? 1970களின் பிற்பகுதியிலே உச்சந்தலைக் குறைப்பு என்னும் சத்திரசிகிச்சை பரவிற்று. வழுக்கைத் தோலைத் தோணி வடிவில் வெட்டி நீக்கி, இருபுறத்து மயிருள்ள தோலையும் இழுத்து நடுவிலே தைத்தனர். ஒரே முறையில் முடியாதாயின் சில மாதம் பொறுத்து மீண்டும் வெட்டினர். 1980களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது மிகச் சாதாரணமாகச் செய்யப்பட்டது.

நமக்குச் சித்தப்பா முறையான ஒருவர் 1970களில் லண்டனுக்குப் போனவர், கணக்காளர். 1980களின் நடுப்பகுதியில் அங்கே ஒரு தனியார் நிலையத்தில் இதனைச் செய்துகொண்டார். 2003 இல், யுத்தநிறுத்தக் காலத்தில், பாதை திறந்திருந்தபோது ஊருக்கு வந்தார். அப்பொழுது நாம் பாடசாலை மாணவன். வைகாசி வெயிலிலும் அவர் தொப்பியைக் கழற்றவில்லை. கோயிலுக்கு வாருங்கள் என்று அழைத்த உறவினர்க்கெல்லாம் ஒவ்வொரு காரணஞ் சொன்னார். ஒருநாள் கிணற்றடியில் அவருக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றும்போதுதான் தலையைக் கண்டோம். நெற்றிக்குச் சற்றுப் பின்னே தொடங்கி உச்சிவரை வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு. சீப்பு இழுக்காத ஒரு வகிடு. அதன் இருபுறத்திலும் மயிர் இடமும் வலமுமாய்ப் பிரிந்து விழுந்தது. தழும்பைச் சுற்றிப் புதிதாய் வழுக்கை பரந்திருந்தது.

“நாலுதரம் வெட்டினவை, தம்பி. ஒவ்வொருதரமும் இதுதான் கடைசி எண்டவை,” என்றார். சற்றுப் பொறுத்து, “இரண்டு மாதச் சம்பளம் ஒவ்வொருதரமும்,” என்று கூட்டினார். அதன்பின் அவ்விடயத்தை அவர் பேசியதில்லை.

சித்தப்பாவின் தலையில் நேர்ந்தது தற்செயலன்று. தோல் ஒரு பிடிவாதமான பொருள். இழுத்துத் தைத்த தோல் சில மாதங்களில் மீண்டும் விரிந்து, நீக்கிய அகலத்திற் கணிசமான பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அன்றியும், காதுப்பக்கத்து மயிர் கீழ்நோக்கி வளர்வது. இரு காதுப்பக்கத்தையும் உச்சிக்குக் கொண்டுவந்து ஒட்டினால் நடுவில் பிரிந்து விழாமல் வேறென்ன செய்யும்? எல்லாவற்றிலும் பெரிய குறை, வழுக்கை நின்றுபோன ஒன்றன்று என்பதாகும். இருபத்தெட்டு வயதில் வெட்டித் தைத்த கோட்டை முப்பத்தெட்டு வயதில் சுற்றியிருக்கும் மயிர் கைவிட்டுப் போய்விடும். தழும்பு மாத்திரம் சாட்சியாய் நிற்கும்.

இக்குறைகளை வைத்தியர் அறியாதவர் அல்லர். பாரிஸ் நகரத்துச் சத்திர வைத்தியரான பற்றிக் ஃபிரெஷே, இறப்பர்ப் பட்டிபோல் இழுபடும் சிலிக்கன் நாடாவொன்றின் இருபுறத்திலும் கொளுக்கிகள் பொருத்தி, தலைத்தோலின் அடியில் இழுத்து மாட்டினார். ஒரு மாதமளவு அது உள்ளிருந்து தோலை நடுநோக்கி இழுத்துக்கொண்டேயிருக்கும். பின்னர் நாடாவை எடுத்து, கூடுதலான வழுக்கையை வெட்டலாம். 1990களின் ஆரம்பத்தில் இதனை அவர் வெளியிட்டார். நடுவில் பிரியும் மயிரைத் திருத்த மூன்று தோல்மடல்களை இடம்மாற்றும் இன்னொரு முறையையும் கண்டார். ஒரு சத்திரசிகிச்சையின் குற்றத்தைத் திருத்த மற்றொரு சத்திரசிகிச்சை வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க. கைத்திறன் வியக்கத்தக்கது, ஆனால் அத்திறனைக் கோரிய நிலைமையை நினைத்தால் வியப்புக் குறைந்துவிடுகிறது.

இவற்றுள் மிகத் துணிச்சலானது ஆர்ஜென்டீனாவின் ஹோசே ஹூரி 1975 இல் வெளியிட்ட மடல் முறை. காதுக்கு முன்னே ஓடும் நாடியை அடியாகக் கொண்டு, பக்கத்திலும் பிடரியிலும் உள்ள மயிர்த்தோலை ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் அகலமும் 25 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட நீளமும் உள்ள பட்டையாக எடுத்து, நெற்றிக்குக் குறுக்கே திருப்பித் தைப்பதே அது. எடுத்த உடனே திருப்பினால் பட்டையின் நுனிக்குக் குருதி எட்டாது. ஆகவே முதலில் ஓரங்களை வெட்டி அங்கேயே தைத்துவிட்டு, வாரக்கணக்கிற் பொறுத்து, குருதியோட்டம் பழகியபின்பே திருப்புவர். நடுகை மயிர் முதலில் உதிர்ந்து மாதங்கள் கழித்தே முளைக்கும். மடல் மயிரோ அன்றே அடர்த்தியாய் நிற்கும். ஆனால் அது முன்னோக்கியன்று, பின்னோக்கி வளரும். நெற்றிக்கோடு வேலி நட்டாற்போல் சடுதியாய்த் தொடங்கும். நுனி செத்துப்போனால், வழுக்கை இருந்த இடத்தில் புண் இருக்கும்.

வெட்டும் வேண்டாம், திருப்பும் வேண்டாம் என்றவர்க்குச் செயற்கை இழைகளைத் தலையிற் குத்திவைக்கும் வியாபாரமும் நடந்தது. அந்நிய நூலைத் தோல் பொறுக்குமா? சீழ் பிடித்தது. 1983 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதனைத் தடைசெய்தது.

நடுகைக்கு மாற்றாக எழுந்த இச்சத்திரசிகிச்சைகள் வழுக்கைச் சந்தையில் இன்று அரிதாகிவிட்டன. நடுகை திருந்தியமையே காரணம். 1980களின் பிற்பகுதியிலிருந்து உருப்பெருக்கியின் கீழ் ஒன்று முதல் நான்கு மயிர் கொண்ட இயற்கைக் கொத்துக்களாகப் பிரித்து நடக் கற்றனர். 2002 இல், பிடரியில் நீளத் தோலை வெட்டாமல் அக்கொத்துக்களைத் தனித்தனியே துளையிட்டெடுக்கும் முறையும் வைத்திய இலக்கியத்தில் வெளியாயிற்று. மருந்துகளும் வந்தன: குருதியமுக்கத்துக்காக ஆக்கப்பட்ட மினொக்சிடில் 1988 இல் தலைப்பூச்சாகவும், ஃபினாஸ்ரறைட் 1997 இல் மாத்திரையாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மயிர்வேர்க் கலங்களை வெளியே பெருக்கி நடும் ஆய்வு மாத்திரமே உண்மையில் உற்பத்தி எனத்தக்கது. அது இன்றுவரை பரவலான சிகிச்சையாக வரவில்லை.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்ததற்குக் காரணம் நம் பழைய மாணவன் ஒருவன். வயது இருபத்தெட்டு. கொழும்பிலே ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. சாதாரணதர வகுப்பில் நம்மிடம் தமிழ் படித்தவன். கட்டுரை நன்றாக எழுதுவான். சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்து, மயிர் நடுகை நிலையமொன்றின் துண்டுப்பிரசுரத்தை மேசையில் விரித்தான். வங்கியிற் கடன் கேட்டிருப்பதாகச் சொன்னான். பின்பு தயங்கி, “சேர், நட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லாமல் ஒரேயடியாய் வழுக்கைத் தோலை வெட்டித் தைச்சு விடுற ஒப்பரேசன் வெளியில இருக்காம். அது நிரந்தரமாமே?” என்றான்.

நம்முடன் இருந்த நண்பர், இக்காலத்து இளைஞர்க்கு அழகுப் பைத்தியம் என்று அவன் போனபின் கூறினார். நாம் உடன்படவில்லை. இரண்டு சம்பந்தங்கள் புகைப்படத்தோடு திரும்பி வந்துவிட்டன. அதைவிடப் பெரிது, நிறுவனத்தில் நடந்தது. வாடிக்கையாளர் முன் செல்வோருக்கு ‘இளமையான தோற்றம்’ வேண்டும் என்று மேலாளர் ஒரு கூட்டத்திற் சொல்லியிருக்கிறார்; சொல்லும்போது இவனைப் பார்த்திருக்கிறார். யூலியஸ் சீசர் தன் வழுக்கையை மறைக்க வெற்றிமாலையை எப்பொழுதும் அணியும் உரிமையை விரும்பி ஏற்றான் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெற்றோனியஸ் எழுதுகிறார். சீசருக்கு மாலை இருந்தது. விற்பனைப் பிரதிநிதிக்கு வங்கிக்கடன்தான் இருக்கிறது. தன் உழைப்பை விற்பவன் தன் முகத்தையும் சேர்த்து விற்கவேண்டிய நிலையில், அவன் தலையைப் பற்றிக் கவலைப்படுவதைப் பைத்தியம் என்பது எவ்வாறு?

அவனுக்கு நாம் சித்தப்பாவின் கிணற்றடியைச் சொன்னோம். வழுக்கை இன்னும் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத வயதில் கத்தியை உச்சந்தலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றும், நடுகையாயினும் நிலையத்து விற்பனையாளரிடமன்றி அரசாங்க வைத்தியசாலைத் தோல் வைத்திய நிபுணரிடம் முதலிற் காட்டுமாறும் சொன்னோம். அவன் தலையசைத்தான், பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆனால் அவன் கேட்ட அந்த ‘வெட்டித் தைக்கும்’ கலை முழுவதும் வீண் என்று எழுதினால் அது பொய்யாகும். 2019 இல் நாம் வன்னியில் ஒரு பாடசாலையிற் கற்பித்தோம். எட்டாந் தரத்தில் ஒரு சிறுமி. எப்பொழுதும் தலையில் துணி கட்டியிருப்பாள். யுத்தம் முடிந்து மீளக்குடியமர்ந்த காலத்தில், தறப்பாள் கொட்டிலில், நான்கு வயதில், குப்பி விளக்குக் கவிழ்ந்து எரிந்தவள். தலையின் இடப்பக்கம் முழுவதும் மயிரற்ற மினுமினுத்த தழும்பு.

குப்பி விளக்கு நம் நாட்டில் எரித்த உடல்கள் எத்தனையோ. ஒரு போத்தல், ஒரு திரி, மண்ணெண்ணெய். தட்டினால் உருளும், உருண்டால் எண்ணெய் கொட்டும், கொட்டினால் தீ. விஜய கொடகும்புர என்னும் சத்திர வைத்தியர் எரிந்தோரைச் சிகிச்சை செய்து செய்து சலித்து, குட்டையாய், கனமாய், உருளாதபடி இருபுறமும் தட்டையாய், திருகுமூடியுடன் ஒரு கண்ணாடி விளக்கை ஆக்கினார். 1998 இல் அதற்காக அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு எட்டாத கொட்டில்களும் இருந்தன. இவளுடையது அவற்றுள் ஒன்று.

ஒரு போதனா வைத்தியசாலையில் அவளுக்கு இழைய விரிப்புச் செய்யத் தீர்மானித்தார்கள். 1957 இல் அமெரிக்க வைத்தியரான நொய்மன், காதொன்றைத் திருத்துவதற்காகத் தோலின் கீழ் இறப்பர்ப் பலூனை வைத்து ஊதிய காலத்திலிருந்து வளர்ந்த முறை இது. 1970களில் றடோவன் அதற்குச் சிலிக்கன் பையை ஆக்கினார். தழும்புக்குப் பக்கத்தில் மயிருள்ள தோலின் அடியில் வெறும் பையை வைத்துத் தைப்பார்கள். காயம் ஆறியபின் வாரந்தோறும் ஊசியால் உப்புநீரைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். கர்ப்பிணியின் வயிற்றுத்தோல் போல் தலைத்தோல் விரியும். இரண்டு மூன்று மாதத்தில் போதிய தோல் சேர்ந்ததும் பையை எடுத்து, தழும்பை வெட்டி, விரிந்த தோலை அதன்மேல் இழுத்து மூடுவார்கள். தலையின் பாதியளவு இழந்தோர்க்கும் இவ்வாறு மயிர்த்தோல் அமைக்கலாம். இங்கும் ஒரு மயிர்கூடக் கூடுவதில்லை; இருப்பது அகலப் பரவுகிறது. ஆனால் இவளுடைய மயிர் நாளை உதிரப்போகும் மயிரன்று. தழும்பு மேலும் பரவப்போவதுமில்லை. வழுக்கையனைக் கைவிட்ட அதே கணக்கு இவளிடத்தில் சரியாக வருகிறது. ஒக்குடா தழும்புகளில் தொடங்கினார் என்று மேலே குறித்தது இதற்காகவே. சிகிச்சைக்கு அவள் தாய் ஒரு சதமும் செலுத்தவில்லை; பஸ் கட்டணமே அவருடைய செலவு. அந்தப் பஸ் கட்டணத்துக்கே கச்சான் விற்றார்.

தலையின் ஒருபுறம் வாரத்துக்கு வாரம் வீங்கிவரும் ஒரு பிள்ளை வகுப்பில் இருப்பது எளிதன்று. துணியின் கீழ் அது தெரிந்தது. பையன்கள் பெயர் வைத்தார்கள். அதிலும் கொடியது, மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், சிகிச்சை முடியும்வரை வீட்டில் வைத்திருங்கள் என்று பாடசாலை நிர்வாகம் தாய்க்குச் சொன்னதே. மூன்று மாதம் வீட்டில் நின்ற பிள்ளை வன்னியில் திரும்பி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். நாமும் விஞ்ஞான ஆசிரியையும் அதிபரிடம் இரண்டு முறை போனோம். இரண்டாம் முறை தாயையும் கூட்டிக்கொண்டு போனோம். விஞ்ஞான ஆசிரியை எட்டாந் தர வகுப்பில் தோல் எவ்வாறு வளர்கிறது என்று ஒரு பாடம் எடுத்தார். பலூனுக்குள் எத்தனை மில்லிலீற்றர் நீர் இருக்கிறது என்று அச்சிறுமியே கரும்பலகையில் எழுதினாள். பெயர் வைத்தவர்களுள் ஒருவன், அடுத்த வாரம் எவ்வளவு ஏற்றுவார்கள் என்று கேட்டான். அவள் வீட்டில் நிற்கவில்லை.

இப்பொழுது அவளுக்குத் தழும்பு இல்லையென்று சொல்லமுடியாது; காதுக்கு மேலே மெல்லிய கோடொன்று உண்டு. அதன்மேல் மயிரை வாரி முடிகிறாள்.

கொழும்பு இளைஞன் சென்ற மாதம் எழுதியிருந்தான். கடன் எடுக்கவில்லை. நிறுவனம் அவனை விற்பனையிலிருந்து நீக்கிப் பின்கட்டுக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டது. பயணப்படியும் தரகுப்பணமும் இல்லாமல் சம்பளம் ஏறக்குறையப் பாதியாயிற்று. அவனைப் போலவே மாற்றப்பட்டவர்கள் இன்னும் இருவர்: ஒருவர் முகத்தில் வெண்புள்ளி உள்ளவர், மற்றவர் பிரசவத்தின்பின் உடல் பருத்த பெண். மூவரும் சேர்ந்து தொழிற்சங்கத்தில் எழுத்துமூலம் முறையிட்டிருக்கிறார்கள். முறைப்பாட்டின் தமிழ்ப் பிரதியை நமக்கு அனுப்பி, பிழை பார்த்துத் தருமாறு கேட்டிருந்தான். இரண்டு சந்திப் பிழைகள் மாத்திரமே இருந்தன. விசாரணை அடுத்த மாதம்.